தம்பிக்கு என்ன வேலை?

ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ஒரு தோசைக்கடை. பெண்ணின் தாய்மாமா மாப்பிள்ளையை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"தம்பி என்ன வேலை?"

"பிராஜெக்ட் மேனேஜர், மாமா."

"பாலம் கட்டுறீங்களா?"

"இல்ல மாமா. கட்டுறவங்ககிட்ட எப்ப முடியும்னு கேட்கிறேன்."

மாமா அடுத்த வடையைப் பிட்டார். "இதுக்குச் சம்பளமும் தர்றானா?"

தருகிறான். தம்பி முதலில் வங்கியில் இருந்தார், பிறகு மருத்துவமனைக் கணினிப் பிரிவு, இப்போது ரயில்வே. மூன்று இடத்திலும் மாறாதது வெள்ளிக்கிழமை எக்செல் கோப்பு. அதில் பச்சை என்றால் யாரும் இன்னும் பார்க்கவில்லை. மஞ்சள் என்றால் மேலிடத்துக்குத் தெரியாது. சிவப்பு என்றால் தெரிந்துவிட்டது.

இந்தத் தொழிலுக்குக் கடை திறந்து வைத்ததே பிரிட்டிஷ் அரசாங்கம்தான். தன் கணினித் திட்டங்களுக்காக 1989-இல் பிரின்ஸ் என்ற முறையை வகுத்தது; 1996-இல் எல்லாத் துறைக்கும் பொருந்தும் பிரின்ஸ்2 வந்தது. ஆரம்பநிலைத் தேர்வு ஒரு மணி நேரம், 60 கேள்விகள், விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். பாஸானவர் அன்றைக்கே நிபுணர், லிங்க்ட்இனில் மட்டும்.

துறை தாண்டுவது நிஜமாகவே நடக்கிறது. 2018 டிசம்பரில் ஓட வேண்டிய லண்டனின் எலிசபெத் லைன் ரயில் ஓடாது என்று அந்த ஆகஸ்ட் கடைசியில்தான் ஊருக்குச் சொன்னார்கள். நவம்பரில் மார்க் வைல்ட் என்பவரை அழைத்துத் திட்டத்தின் தலைமையில் உட்கார வைத்தார்கள். 42 கிலோமீட்டர் சுரங்கம் எப்போதோ தயார். நிலையங்கள்தான் பாக்கி, போதாததற்கு ஒரே வழித்தடத்தில் மூன்று வகை சிக்னல், ரயிலின் மென்பொருள் மூன்றோடும் ஒத்துப்போக வேண்டும். 14.8 பில்லியன் பவுண்டு கணக்கு 18 பில்லியனைத் தாண்டியபின், 2022 மே 24 அன்று வண்டி ஓடியது. வைல்ட் அடுத்து ஒரு கேஸ் குழாய் நிறுவனத்துக்குத் தலைவரானார். 2024 டிசம்பரில், தாமதத்துக்கே பேர்போன எச்எஸ்2 அதிவேக ரயில் திட்டம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. ஆறின திட்டத்தைச் சூடாக்கத் தெரிந்தவருக்கு இங்கே கிராக்கி அதிகம்.

தம்பியை ரயில்வே மிரட்டியது வேறு விதத்தில். தண்டவாளத்தில் கை வைக்க வண்டிகள் நிற்க வேண்டும். வண்டிகள் மொத்தமாக நிற்பது கிறிஸ்துமஸுக்கு. வங்கியில் இருந்தபோது கிறிஸ்துமஸன்று பிரியாணி சாப்பிட்டவர், இப்போது ஆரஞ்சு சட்டையோடு குளிரில் நின்று கடிகாரம் பார்க்கிறார்.

இதில் நுழைய நினைக்கும் தம்பி தங்கைகளே, ஈலிங் அம்மன் கோயில் தேருக்கு அன்னதானப் பொறுப்பு ஏற்றதுண்டா? சிவியில் எழுதுங்கள்: எத்தனை இலை, எவ்வளவு பவுண்டு, சாம்பார் தீர்ந்தபோது என்ன செய்தீர்கள். நேர்முகத்தில் அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் குடைவார்கள்.