கம்பெனி பஸ் கழுத்தியல்

1. நுவலுபொருள்

சூளகிரியில் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி ஓசூர் சிப்காட்டில் இறங்குபவரின் கழுத்து, இடைவழியில் எப்படியெல்லாம் சாய்கிறது என்பதே இவ்வாய்வின் பொருள். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் இவ்வழி சிறு துண்டுதான். ஆயினும் முதல் ஷிப்டுக்காரரின் பாக்கித் தூக்கம் முழுவதும் இத்துண்டில்தான் தீர்கிறது. சூளகிரிக் கொத்தமல்லியின் புகழ் பெங்களூர்வரை எட்டியிருக்க, இவ்வூர்க் கழுத்தை அறிஞர் எவரும் ஆராயாமை பெருங்குறை.

2. வகை

கழுத்துச் சாய்வு நால்வகைப்படும். அவையாவன: கண்ணாடிச் சாய்வு, நெஞ்சுக் கவிழ்வு, தோள் இரவல், அண்ணாத்தல்.

கண்ணாடிச் சாய்வு ஜன்னலோர சீட்டுக்கே உரியது. வேகத்தடைதோறும் நெற்றி முட்டி விழித்து, மறுகணமே விட்ட இடத்தில் தொடர்வது இதன் இலக்கணம். நெஞ்சுக் கவிழ்வு நடு சீட்டுக்காரரின் தலைவிதி. தோள் இரவலில் தூக்கம் ஒருவருக்கு, வலி இருவருக்கு. அண்ணாத்தல் வாய் திறந்து நிகழும். திரும்பும் வழியில் சூளகிரியைத் தாண்டிக் கிருஷ்ணகிரியில் விழிப்பவர் இவ்வகையினர்.

செல்போனில் குனிவதை ஐந்தாவதாகக் கொள்ளலாகாதோ எனின், ஆகாது. அப்படிக் குனிபவர் தூங்குவதில்லை, தோள் இரவல் கொடுத்தவர் அவரே.

3. முன்னோர் கொள்கை

நேராக நிற்கும் தலையின் எடை சுமார் 5 கிலோ. அதுவே 60 டிகிரி குனிந்தால் கழுத்தின்மேல் 27 கிலோ ஏறும் என்று 2014-இல் அமெரிக்க மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டார். ஏறத்தாழ ஒரு கிரேட் தக்காளி. ஆனால் அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு. உயிருள்ள கழுத்து எதையும் அவர் நிறுக்கவில்லை.

இடுப்பின் கதை இன்னும் சிக்கல். ஸ்வீடனின் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960-களில் முதுகெலும்புத் தட்டில் ஊசி செலுத்தி அளந்து, நிற்பதைவிட உட்காருவதில் அழுத்தம் கூடும் என்றார். 1999-இல் ஜெர்மனியின் வில்கே குழு ஒரே ஒருவர் முதுகில் அளந்தபோது, நாற்காலியில் சரிந்து கிடந்தால் நிற்பதைவிட அழுத்தம் குறைவு என்று வந்தது. ‘நிமிர்ந்து உட்காருடா’ என்று குட்டிய வாத்தியார்கள் எந்தக் கட்சி என்பது தனி ஆய்வுக்குரியது.

4. சட்டம்

நின்று வேலை செய்பவர் இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவு. கடை ஊழியருக்கும் இவ்வுரிமையைத் தமிழ்நாடு 2021-இல் வழங்கியது. உட்கார்ந்தபின் கழுத்தை எங்கே வைப்பது என்பது குறித்துச் சட்டம் மௌனம்.

5. முடிவு

2020-இல் உலகில் 61.9 கோடிப் பேருக்கு இடுப்புவலி என்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தனை பேரும் கம்பெனி பஸ்ஸில் வந்தவர் அல்லர். கூன் போட்டவருக்கெல்லாம் வலிப்பதும் இல்லை. நிமிர்ந்தவரெல்லாம் தப்புவதும் இல்லை. லைனில் ஒரே இடத்தில் நின்றாலும், சீட்டில் ஒரே பக்கம் சாய்ந்தாலும் தசை இறுகும். எனவே குற்றவாளி கோணலன்று, கோணலை மாற்றாமை என்க.

வாசகர் செய்யத்தக்கது: அரைமணிக்கொருமுறை உடம்பை அசைக்க. கால் மரத்துப்போனாலோ, கை வலுவிழந்தாலோ தைலத்தை நம்பாமல் டாக்டரிடம் போக.