ஒகேனக்கல் பரிசல் உலாவும் முதலையின் பார்வை நேரமும்: ஓர் ஆய்வு

'சுற்றுலா' என்ற சொல் சுற்று, உலா எனப் பிரியும். பேருந்தும் ரயிலும் சொகுசுக் கப்பலும் உலாவை மட்டுமே நிறைவேற்றுகின்றன. சுற்றையும் சேர்த்து நிறைவேற்றும் ஊர்தி, தருமபுரி மாவட்டம் ஒகேனக்கல்லில் ஓடும் பரிசல்.

புலம்: காவிரி பாறைகளுக்கிடையே அருவியாக விழும் இடம் இது. கன்னடத்தில் 'ஹொகெ' என்றால் புகை; விழும் நீர் புகையாக எழுவதால் இது புகையும் கல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 504 சதுர கி.மீ. யானை, நீர்நாய், சாம்பல் நிற அணில், முதலை ஆகியவை இப்பகுதியின் குடிகள்.

கலம்: பரிசல் என்பது மூங்கிலால் முடைந்த வட்டக் கூடை. அடியில் முன்பு தோல் போர்த்தினர். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். வட்டத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆகவே ஜன்னலோர இருக்கைச் சண்டைக்கு இங்கு இடமில்லை. துடுப்பு ஒன்றே. சுற்றுவது பரிசலின் இயல்பு. நேராகப் போவது பரிசலோட்டியின் திறமை. அந்தத் திறமைக்குக் காசு கொடுத்த பயணிகளே நடு ஆற்றில், "அண்ணா, ஒரு சுத்து சுத்துங்க" என்று இயல்பைக் கேட்டு வாங்குகின்றனர்.

பயணி: மூவகைப்படுவர். வீரர், லைஃப் ஜாக்கெட் எதற்கு என்று கரையில் கேட்டு, முதல் சுற்றிலேயே அதன் வாரை இறுகப் பற்றுபவர். படப்பிடிப்பாளர், அருவியைக் குறிவைத்து மைத்துனரின் முழங்கையைப் படமெடுப்பவர். மூன்றாமவர் பெரியம்மா, எல்லோர் செருப்பும் அடங்கிய கட்டைப்பை மடியிலிருக்க, கரை வரும்வரை அதையே பார்த்திருப்பவர்.

விலங்கு: பாறைமேல் முதலை வாய் திறந்து கிடப்பது உடற்சூட்டைத் தணிக்க, படத்துக்குச் சிரிப்பதற்கன்று. சுழலும் பரிசலில் ஒவ்வொரு பயணிக்கும் முதலை சுற்றுக்கு ஒருமுறையே தெரியும். அசையாத முதலைக்கோ பயணிகள் அனைவரும் வரிசையாகக் காட்டப்படுகின்றனர். ஆகவே பார்வை நேரம் மிகுதியும் முதலைக்கே. கட்டணம் மட்டும் பயணிக்கு. அந்த ஒருமுறையையும் தவறவிட்டோருக்கெனக் கரையில் முதலைகள் மறுவாழ்வு மையம் உண்டு. அங்கு இரு தரப்பும் சுழல்வதில்லை.

நிறுத்தம்: ஆற்றிடை மணல்திட்டில் பரிசல் நிற்கும். பயணிகள் இறங்கிக் காலை நனைப்பர்; பெரியம்மா செருப்புகளை எண்ணுவார். கரை திரும்பியதும், வாங்கிக் கொடுத்த மீனை மசாலா தடவி வறுத்துத் தரும் பெண்களிடம் ஆய்வு தொடரும். இவ்வுலாவில் ஐயமறப் பதிவாகும் ஒரே நீர்வாழ் உயிரினம் இந்த மீன்தான். அதைப் 'பார்த்தேன்' என்று எவரும் சொல்வதில்லை.

தடை: ஆற்றின் மேல்போக்கிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்து கூடினால் பரிசல் இயக்கத் தடை வரும். அன்று ஆறு மட்டும் உலாப் போகும்.

முடிபு: பரிசலைவிட்டு இறங்கிய பின்னும் தரை சிறிது நேரம் சுற்றும். அந்தச் சுற்றுக்குத் தனிக் கட்டணம் இல்லை.