சோபாவுக்கு ஏற்ற ஓவியம்

மலேசியாவின் ஜொகூர் பாரு நகரத்து டெரஸ் வீடுகளில், அதாவது பொதுச்சுவரைப் பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் வீடுகளில், ஹாலுக்கான ஓவியம் பெரும்பாலும் கடைசியாகவே தேர்ந்தெடுக்கப்படுகிறது. சோபாவும் திரைச்சீலையும் டிவி அலமாரியும் முதலில் இடம்பிடித்துக்கொள்ள, மிஞ்சிய சுவரின் நீள அகலத்துக்கும் குஷனின் நிறத்துக்கும் பொருந்துகிற படம் எதுவோ அதுவே கலை என ஏற்கப்படுகிறது. சாமி மேடை மட்டும் இவ்விதிக்கு அப்பாற்பட்டது. முருகனின் மயிலை எவரும் குஷனோடு வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

இம்முறையைப் பழிப்பது எளிது என்றாலும், மாநகரமே அதைக் கையாண்டதற்குச் சான்று உண்டு. 2013 நவம்பரில் எர்னஸ்ட் ஸகரெவிச் என்னும் லிதுவேனிய ஓவியர் அந்நகரின் தெருமுனைச் சுவரொன்றில், கைப்பையுடன் வரும் லெகோ பொம்மைப் பெண்ணையும், மூலைக்கு மறுபுறம் கத்தியுடன் காத்திருக்கும் லெகோ திருடனையும் சுவரோவியமாகத் தீட்டினார். லெகோலேண்ட் கேளிக்கைப் பூங்கா ஜொகூரில் திறக்கப்பட்டது அதற்கு முந்தைய ஆண்டில்தான். பினாங்கில் அவர் வரைந்த சைக்கிள் சிறுவர்கள்முன் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று படமெடுத்துக்கொண்டிருக்க, ஜொகூர்த் திருடனோ விருந்தாளி கண்ணில் படக்கூடாத உறவினனாகக் கருதப்பட்டு, சில நாள்களிலேயே மாநகர மன்றத்தின் வெள்ளைச் சாயத்துக்குள் மறைந்தான். அதற்குள் அவன் படம் இணையமெங்கும் பரவிவிட்டிருந்தது. வெள்ளைச் சுவர் எல்லாச் சோபாவுக்கும் பொருந்தும் என்பதை உள்ளலங்கார வல்லுநர்கள் மறுக்கமாட்டார்கள். வழிப்பறிக்கும் அது பொருந்துமா என்பதைக் கைப்பை வைத்திருப்போர்தாம் சொல்ல வேண்டும்.