நாப்கின் உலரும் காலம்: மேற்குப் புறநகர்க் கொடிகள் குறித்த ஓர் ஆய்வு

துணி நாப்கினா, பேம்பர்ஸா என்ற விவாதம் சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் குழந்தை பிறந்த எல்லா வீடுகளிலும் நடக்கிறது. ஆனால் இதுவரை முறையான ஆய்வுக்கு அது ஆட்பட்டதில்லை. இருக்கிற கருத்துகளை மூன்று பள்ளிகளாகப் பிரிக்கலாம். நல்ல தாய் துணிதான் கட்டுவாள் என்பது பாசவாதம். மாதத்துக்கு எவ்வளவு மிச்சமாகும் என்று கணக்குப் போடுவது சிக்கனவாதம். குப்பையை நினைத்துக் கவலைப்படுவது சூழலியம். மூன்றும் ஒன்றையொன்று கடுமையாக மறுத்தாலும், குழந்தையின் இடுப்புக்குக் கீழேயே பார்வை குத்திட்டு நிற்பதில் ஒன்றுபடுகின்றன. பிழை அங்கேதான் இருக்கிறது. நாப்கினின் விதி குழந்தையிடம் தீர்மானமாவதில்லை. மொட்டை மாடியில், இரண்டு இரும்புக் கம்பங்களுக்கு நடுவே கட்டிய நைலான் கொடியில் தீர்மானமாகிறது என்பதே இக்கட்டுரை நிறுவ விரும்பும் கருத்து. இதைக் கொடிக் கோட்பாடு என்று அழைப்போம். இதற்கு வேறு பெயர் வைக்க யாரும் இதுவரை முன்வராததால் உரிமைப் பிரச்சினை எழாது.

கோட்பாட்டின் கணித அடித்தளம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. வரிசையில் நிற்பவர்களைப் பற்றி ஆராய்ந்த ஜான் லிட்டில், 1961-இல் ஒரு சூத்திரத்தை நிரூபித்தார்: ஓர் அமைப்புக்குள் சராசரியாக இருப்பவற்றின் எண்ணிக்கை, அவை வந்து சேரும் வேகத்தை அவை உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கினால் கிடைக்கும். அதே 1961-இல்தான் அமெரிக்காவின் பியோரியா நகரில் பேம்பர்ஸ் முதன்முதலாகச் சோதனை விற்பனைக்கு வந்தது. நோயும் அதைக் கண்டறியும் கருவியும் ஒரே ஆண்டில் தோன்றியது அறிவியல் வரலாற்றில் அபூர்வம். சூத்திரத்தை ஆவடிக்குக் கொண்டுவருவோம். பிறந்த குழந்தை ஒரு நாளில் 12 துணி நனைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டிமார்கள் இதைக் குறைந்த மதிப்பீடு என்பார்கள். சித்திரை வெயிலில் ஒரு துணி நனைந்து, அலசி, துவைத்து, உலர்ந்து, மடிந்து அலமாரிக்குத் திரும்ப ஒரு நாள். ஆகவே 12 துணி போதும். கார்த்திகையில் அதே துணி திரும்ப இரண்டரை நாள். இப்போது 30 வேண்டும். இரண்டு டஜன் துணியோடு கோடையில் சௌகரியமாக இருந்த குடும்பம் மழைக்காலத்தில் நிலைகுலைவது சோம்பலால் அல்ல, பெருக்கல் கணக்கால்தான். சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 140 செ.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. எந்த மாதத்தில் குழந்தை பிறக்கிறது என்பதைப் பார்த்தே அது எந்தப் பள்ளியைச் சேரும் என்று சொல்லிவிடலாம். ஜாதகத்தைவிட இது நம்பகமானது.

கொடி இருந்தால் மட்டும் போதாது. கொடிக்குப் போக வழி வேண்டும். இந்தப் பகுதியில் வாடகைக்குக் குடியிருப்பவர்களுக்கு மொட்டை மாடிச் சாவி ஓர் அரசியல் நிறுவனம். வீடு பார்க்கப் போகும்போது அட்வான்ஸ் எத்தனை மாதம், தண்ணீர் வருமா, பைக் நிறுத்த இடம் உண்டா என்றெல்லாம் கேட்பவர்கள், மாடியில் துணி காயப்போடலாமா என்று கேட்க மறந்துவிடுகிறார்கள். சாவி ஹவுஸ் ஓனர் அம்மாவின் இடுப்பில் இருக்கிறது. பூட்டு திறக்கும் நேரம் அவருடைய மதியத் தூக்கத்தைப் பொறுத்தது. மாசி, பங்குனி பிறந்துவிட்டால் மாடித் தரை முழுக்க வடகமும் வற்றலும் விரிக்கப்படும். அப்போது நாப்கின் நாடு கடத்தப்பட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள நிழல் மூலைக்கு அனுப்பப்படும். நிழல் என்றால் தங்கும் நேரம் கூடும். நேரம் கூடினால் துணியின் தேவை கூடும். லிட்டில் இந்த வடக மாறியைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. அடுக்குமாடிகளிலோ முன்பக்க பால்கனியில் துணி தொங்கினால் கட்டடத்தின் அழகு கெடும் என்று சங்கம் சுற்றறிக்கை விடும். கீழ்வீட்டுக்காரரின் சாப்பாட்டு ஜன்னலுக்கு நேராக ஆய்த்துணி ஆடக்கூடாது என்பது எழுதப்படாத, ஆனால் மிகக் கண்டிப்பான விதி.

நம் முன்னோர் இந்தக் கோட்பாட்டை அறிந்தே இருந்தார்கள் என்பதற்கு வாய்வழிச் சான்றுகள் உள்ளன. பொழுது சாய்ந்த பிறகு குழந்தையின் துணி வெளியே கிடக்கக்கூடாது, மேலே பறவை பறந்தால் பட்சி தோஷம் என்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்கள் சென்னை இரவின் ஈரப்பதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆறு மணிக்கு எடுக்காத துணி ஏழு மணிக்குப் பனியை உறிஞ்சத் தொடங்கும். காலையில் அது மீண்டும் வரிசையின் கடைசியில் நிற்கும். தோஷம் என்ற பெயரில் ஒரு கால அட்டவணையே அமலில் இருந்திருக்கிறது. ஆனால் குழந்தையின் துணியை முறுக்கிப் பிழிந்தால் அதற்கு வயிறு முறுக்கும் என்ற இன்னொரு விதி, உலரும் நேரத்தை நேரடியாக நீட்டிக்கிறது. முன்னோர் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொண்டார்கள். இந்த முரண்பாட்டைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வலிமைக்கு அப்பாற்பட்டது. வேட்டித் துணி மெல்லியது, பிழியாமலே காய்ந்துவிடும் என்ற சமாதானத்தை மட்டும் பதிவு செய்கிறோம்.

வெளிநாட்டுச் சான்றும் கொடியின் பக்கமே சாய்கிறது. பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டுகளுக்குத் தூக்கி எறியும் டயப்பரால் சுமார் 550 கிலோ கார்பன் வெளியேற்றம் என்றும், துணி டயப்பரால் சுமார் 570 கிலோ என்றும் வந்தது. துணி தோற்றது என்று அங்கே சிலர் கொண்டாடினார்கள். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. எல்லாத் துணியையும் டிரையர் மெஷினில் உலர்த்தினால் அந்தக் கணக்கு 43 சதவீதம் ஏறும்; மெஷினை நிறைத்துத் துவைத்து, வெளியே கொடியில் காயப்போட்டு, இரண்டாவது குழந்தைக்கும் அதையே கட்டினால் 40 சதவீதம் இறங்கும். அதாவது பிரிட்டனிலும் விஷயம் வெயில்தான். அங்கே வெயில் அபூர்வம் என்பதால் அதைக் கண்டுபிடிக்க ஆய்வு தேவைப்பட்டது.

மறுப்புகளுக்கு வருவோம். அருவருப்புதான் மூலகாரணம், யாரும் அந்தத் துணியைக் கையால் தொட விரும்புவதில்லை என்பது முதல் மறுப்பு. அருவருப்பு உண்மை. ஆனால் அது வருடம் முழுவதும் மாறாதது. வைகாசி ஆய்க்கும் ஐப்பசி ஆய்க்கும் வேறுபாடு இல்லை. மாறாத ஒன்று மாறும் ஒன்றை விளக்காது. மழை பிடித்தவுடன் அண்ணாச்சி கடை வாசலில் டயப்பர் பாக்கெட் சரங்கள் முன்வரிசைக்கு வருவதை அருவருப்பு விளக்காது, கொடி விளக்கும்.

இரண்டாவது மறுப்பு கனமானது: தண்ணீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்தது. அந்த ரயில் ஆவடியையும் அம்பத்தூரையும் கடந்துதான் போனது. அப்படிப்பட்ட ஊரில் நாப்கின் அலசுவது நியாயமா? போதாக்குறைக்குப் பல தெருக்களில் போர் தண்ணீர் கடினம். அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து படிந்து துணியை அப்பளமாக்கிவிடும், பிறகு அது ஈரத்தை உறிஞ்ச மறுக்கும். இந்த மறுப்பை நாம் மறுக்கவில்லை, கோட்பாட்டுக்குள் அடக்கிக்கொள்கிறோம். இந்த வட்டாரத்தில் வெயில் இருக்கும்போது தண்ணீர் இல்லை, தண்ணீர் இருக்கும்போது வெயில் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் நின்றது. அலசத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, காயப்போடத்தான் வானம் இல்லை. துணி நாப்கினுக்கு இரண்டும் ஒரே நாளில் தேவை என்பதே அதன் சோகம்.

மூன்றாவது மறுப்பைச் சந்திக்க மிகவும் தயங்க வேண்டியிருக்கிறது. கொடி வரைக்கும் துணி தானாக நடந்து போகிறதா? ஊரிலிருந்து வந்த அம்மாவோ மாமியாரோ இருக்கும் வரை லிட்டிலின் சூத்திரம் எண்ணெய் போட்டது போல ஓடும். அவர்கள் ஊர் திரும்பிய மறுநாள் வாளியில் துணி ஊறிக் கிடக்கும். பாசவாதிகளின் எழுத்துகளில் செயப்பாட்டு வினை மிகுதி: துணி துவைக்கப்படும், உலர்த்தப்படும், மடிக்கப்படும். துவைப்பவர், அநேகமாக எப்போதும், அந்த வீட்டின் ஒரு பெண். அவருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் எட்டு மணிக்கு ஷிப்ட் இருக்கலாம். ஆகவே தங்கும் நேரத்தில் வெயிலின் பங்கோடு வாளியின் பங்கையும் சேர்க்கிறோம். அப்பாக்கள் மாடி ஏறினால் அது குறையுமா என்பதற்குப் போதிய தரவு உருவாகவில்லை.

பேம்பர்ஸ் இந்தக் காத்திருப்பை ஒழித்துவிட்டது என்பவர்கள் அதை முழுமையாகப் பின்தொடரவில்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், பயன்படுத்திய டயப்பரை நன்றாகச் சுற்றி மக்காத குப்பையோடு போடச் சொல்லின. அம்பத்தூர் மண்டலக் குப்பை போய்ச் சேரும் இடம் கொடுங்கையூர். அங்கே தங்கும் நேரம் என்ன? பேம்பர்ஸ் பிறந்தே முக்கால் நூற்றாண்டு ஆகவில்லை. எவ்வளவு காலம் கிடக்கும் என்று யாரும் உட்கார்ந்து பார்த்து முடிக்கவில்லை. சூத்திரத்தின்படி, தங்கும் நேரம் முடிவில்லாமல் நீண்டால் குவியலும் முடிவில்லாமல் உயரும்.

மழைக்காலத்துக்கு வட்டாரம் கண்டுபிடித்த விடை ஹாலில் குறுக்கே கட்டிய கொடியும் மேலே சுழலும் ஃபேனும். இதையும் கணக்கிட்டுவிடுவோம். 75 வாட் ஃபேன் இரவு 10 மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். ஆக, இலவசத்தில் ஏறத்தாழ பாதி மழைக்கால நாப்கினுக்கே போகிறது. கொசுவுக்காகவும் குழந்தைக்காகவும் அந்த ஃபேன் எப்படியும் ஓடும் என்பதால் இந்தச் செலவை யார் தலையில் எழுதுவது என்பது மட்டும் தீரவில்லை.