சேகர் என்றொரு சேகரம்

மாட்டு வண்டி ஒன்று வரைந்து தரச்சொல்லி சேகரிடம் கேட்டது என் தப்புதான். ஒரு சிறுகதைக்குப் படம் தேவைப்பட்டது. "ஒரு வண்டி, ரெண்டு மாடு, ஓட்டறதுக்கு ஒரு ஆளு. அவ்வளவுதான்டா" என்றேன். "அவ்வளவுதானா?" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் மூன்று வாரம் கழித்து அவன் வீட்டுக்குப் போனபோதுதான் விளங்கியது.

கம்ப்யூட்டரில் ஓவியம் பழகுகிறவர்கள் பத்துப் பேர் கூடினால் அதில் ஒரு சேகர் இருப்பான். பெயர் வேறாக இருக்கலாம், சேகரம் ஒன்றுதான். பார்த்து வரைவதற்கு வைத்துக்கொள்ளும் படத்தை இவர்கள் 'ரெஃபரன்ஸ்' என்பார்கள். கொஞ்சம் நெருங்கிப் பழகிவிட்டால் 'ரெஃப்'. ரெஃப் இல்லாமல் பேனாவைத் தொடுவது சேகருக்குக் குளிக்காமல் கோயிலுக்குப் போவது மாதிரி.

அவன் மேஜையில் இரண்டு திரைகள். இடது பக்கம் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள். அதில் பால் போல வெள்ளைத் தாள். வலது பக்கம் ப்யூர்ரெஃப். கருத்த பலகை மாதிரி ஒரு ஜன்னல். எங்கிருந்து படத்தை இழுத்துப் போட்டாலும் வாங்கி வைத்துக்கொள்ளும். எண்ணிப் பார்த்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அவனே சொன்னான், 217 படங்கள். சக்கரத்துக்கு ஒரு வட்டாரம், நுகத்தடிக்கு ஒரு வட்டாரம், மூக்கணாங்கயிற்றுக்குத் தனியாக ஒரு காலனி. மேல் மூலையில் கடையாணி மட்டும் பதினொன்று.

"எதுக்குடா இத்தனை கடையாணி?"

"வெளிச்சம் எந்தப் பக்கத்துலேருந்து விழும்னு இன்னும் முடிவு பண்ணலை."

பிறகு வித்தை காட்டினான். ஒரு விசையைத் தட்டினான். சிதறிக் கிடந்த படங்கள் கல்யாணப் பந்தியில் உட்காருகிற மாதிரி இடைவெளி விடாமல் அடுக்கிக்கொண்டன. இன்னொன்றைத் தட்டினான், எல்லா மாடும் கறுப்பு வெள்ளையாயின. "இப்பத்தான் வேல்யூ தெரியும்" என்றான். மாட்டின் விலையைச் சொல்கிறானோ என்று பார்த்தேன். இல்லையாம், வெளிச்சம் இருட்டு அளவாம். மூன்றாவது வித்தை அபாரம். பலகை மங்கலாகி, வரைகிற தாளுக்கு மேலேயே கண்ணாடி மாதிரி நின்றது. மவுஸால் தட்டினால் தட்டல் அதை ஊடுருவிக் கீழே தாளுக்குப் போய்விடுமாம். எந்த ஜன்னலைத் திறந்தாலும் இதுதான் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். ஆபீஸ் மெயில் வந்தாலும் ஒரு மாட்டின் கொம்புக்கு அடியில்தான் அது ஒதுங்க வேண்டும்.

மாதிரி பார்க்கும் மென்பொருள்களின் வரலாறு அவனுக்கு மனப்பாடம். ப்யூர்ரெஃபுக்கு 'விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டார்களாம். அரைமணி நேரம் தர்மசங்கடப்பட்டுவிட்டு பூஜ்யம் போட்டானாம். கிரிட்டாவில் வரைகிற தாளிலேயே மாதிரிப் படம் வைக்கும் கருவி 2018ல் வந்த 4.1ஆம் பதிப்பில் சேர்ந்தது, ஐபேடில் ஓடும் புரோகிரியேட்டில் மாதிரிப் படத்துக்கான ஜன்னல் 2020ல் வந்த 5எக்ஸில்தான் வந்தது, கிளிப் ஸ்டூடியோவில் அதற்கு 'சப் வியூ' என்று பெயர், மாதிரியிலிருந்தே நிறத்தை உறிஞ்சிக்கொள்ளலாம். "பீரெஃப்னு ஒண்ணு இருக்கு, ஓப்பன் சோர்ஸ். அதோட ஃபைல் உள்ளுக்குள்ள என்ன தெரியுமா? எஸ்க்யூலைட் டேட்டாபேஸ்!" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான், பரம்பரை ரகசியம் மாதிரி. வண்டி எங்கே என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது.

"பார்த்து வரையறது மட்டம்னு நினைக்காதே. அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல்லே ஆளுங்களை நிறுத்தி வச்சு போட்டோ எடுத்து, அதைப் பார்த்துத்தான் வரைஞ்சார்" என்றான். நியாயம்தான். பார்க்காமல் வரைகிற குதிரை கழுதையாகிவிடும். ஆனால் சேகர் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது 'போட்டோ எடுத்து' வரைக்கும் குரல் கணீரென்று இருக்கும். 'வரைஞ்சார்' என்ற இடத்தில் தேய்ந்துவிடும்.

நான் ஓவியர் சில்பியை இழுத்தேன். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்த மனிதர். "அவர்கிட்ட ஏதுடா ப்யூர்ரெஃப்?"

சேகர் உண்மையாகவே வருத்தப்பட்டான். "பாவம், ஒரே ஒரு ரெஃபை வச்சுக்கிட்டு எப்படித்தான் சமாளிச்சாரோ!"

இந்த நேரத்தில் அவன் அம்மா காபியோடு வந்தார். பலகையை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்ப்பா, கதையில யார் வண்டியில போறாங்க?" என்று என்னைக் கேட்டார்.

"பொண்ணு மாப்பிள்ளைம்மா. மறுவீட்டுக்கு."

"அப்ப இது எதுவும் ஆகாது. இது பூராவும் பாரவண்டி. நெல்லு மூட்டை ஏத்தறது. பொண்ணு மாப்பிள்ளைன்னா கூண்டு வச்ச வில்வண்டிதான். எங்க அப்பா ஒண்ணு வச்சிருந்தாரு, உள்ள வைக்கோல் பரப்பி மேல ஜமக்காளம் விரிச்சிருப்பாரு. நான் சொல்லச் சொல்ல வரைடா, அரைமணியில முடிஞ்சிரும்."

சேகரின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வண்டி கிடைத்த வெளிச்சம் என்றுதான் நினைத்தேன். "வில்வண்டியா! அப்ப மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்!" என்று புதுப் பலகை ஒன்றைத் திறந்தான். "தாத்தா வண்டிக்கு போட்டோ இருக்காம்மா?"

"போட்டோ ஏது? மனசுல இருக்கு."

"மனசுலேருந்து எப்படிம்மா இழுத்துப் போடறது?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் காபியைப் பார்த்தேன்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, ஒரு இடி, கரண்ட் போயிற்று. யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. சேகர் பதறிக்கொண்டு ஒவ்வொன்றாக மூடினான். ப்யூர்ரெஃப் விடவில்லை: மாற்றங்களைச் சேமிக்கவா என்று கேட்டது. மூன்று வார உழைப்பு ஆயிற்றே, சேமி என்றான். படங்கள் அத்தனையும் அந்த ஒரே கோப்புக்குள் போய் உட்கார வேண்டும், நேரம் பிடித்தது. நெஞ்சில் கைவைத்துக் காத்திருந்தான். ஒருவழியாக முடிந்ததும் பெருமூச்சு விட்டுவிட்டு கிரிட்டாவை மூடினான்.

அது எதுவுமே கேட்காமல் மூடிக்கொண்டது.