மனசு நோகாம தண்ணி அளக்கறது எப்படி?

டிடிஎஸ் மீட்டரு வாங்கீட்டயாமா மாப்ள? நல்லாத்துத் தண்ணிய நீயே அளந்து திருமுருகன்பூண்டிக்கே சொல்லப்போறயாமா? நல்ல காரியந்தான். ஆனா ஒருத்தர் மனசும் நோகாம அளக்கறதுக்குன்னு ஒரு பக்குவம் இருக்குது, கேட்டுக்கோ.

ஞாயித்துக்கெழம டீயக் குடிச்சுப்போட்டு, வெடியால பத்து மணிக்குப் போ. ராத்திரி ரண்டு மணிக்கு, அதுலயும் மழ கொட்டறப்ப, பள்ளத்துப் பக்கம் தலையக் காட்டிராத. சாயக்கழிவத் தொறந்துவுடறவன் அப்பத்தான் தொறந்துவுடுவான். உனக்கெதுக்குத் தூக்கக் கேடு?

சாயப்பட்டறைக்குக் கீழ மட்டும் அளந்துக்கோ. மேலயும் அளந்தீன்னா வித்தியாசம் தெரியும். வித்தியாசம் தெரிஞ்சா ஆளுந் தெரிஞ்சுபோயிரும்.

எல்லாத்துக்கும் மேல, தண்ணி எவ்வளவு ஓடுதுன்னு பாத்துராத. தேங்கா நெத்து ஒண்ண மெதக்கவுட்டு, பத்து மீட்டரு போக எத்தன நொடின்னு எண்ணி, அதுல வர்ற வேகத்த அகலம் ஆழத்தோட பெருக்கி, அடித்தண்ணி மெதுவாப் போகும்னு நூத்துக்குப் பாஞ்சு கழிச்சு... அந்தக் கணக்குப் போட்டா வயிறெரியும். லிட்டருக்கு 2 கிராம் உப்பு, நொடிக்கு 100 லிட்டரு ஓட்டம்னா நாளைக்கு 17 டன்னு! அதுல அதே அளவு மழத்தண்ணி கலந்தா மீட்டரு 2000-ல இருந்து 1000-க்கு எறங்கிரும். சட்டத்துல கழிவுத்தண்ணிக்கு வரம்பே 2100, பாதிகூட இல்லையேன்னு எல்லாருங் கை தட்டுவாங்க. 17 டன்னு பாட்டுக்குப் போய்க்கிட்டிருக்கும்.

இது இன்னைக்கு நேத்துக் கதையில்ல. 1992-ல ஒரத்துப்பாளையத்துல பாசனத்துக்குன்னு அணை கட்டுனாங்க. சாயத்தண்ணிதான் வந்து நெறஞ்சுது. அத அளக்க மீட்டரு எதுக்கு, மூக்கே போதும். ஆயக்கட்டுக்காரங்க கோர்ட்டுக்கு நடையா நடந்தாங்க. 2011 ஜனவரியில ஹைகோர்ட்டு 700-க்கு மேல பட்டறையப் பூட்டச் சொல்லுச்சு. அப்பறந்தான் ஒரு சொட்டுங்கூட வெளிய வுடக்கூடாதுங்கறத நெசமாலுமே கேக்க ஆரம்பிச்சாங்க.

இப்பத் தண்ணி வெள்ளையாத்தான இருக்குதுங்கறயா? நம்மூர்ல பூதகணங்க வேடன் வேசம் போட்டு வந்துதான் சுந்தரர் பொன்னப் பறிச்சுதுகளாம். உப்புக்கும் அந்த வித்தை தெரியும் மாப்ள. சாயத்த எடுத்துட்டாத் தண்ணி பளிச்சுன்னு நிக்கும், உப்பு உள்ளயே கெடக்கும். உன்ற மீட்டரும் லேசுப்பட்டதில்ல. தண்ணியில கரண்டு எப்படிப் பாயுதுன்னு பாத்து உப்பக் குத்துமதிப்பாச் சொல்லும். மத்த அழுக்கக் கேட்டா வாயத் தொறக்காது. அதுக்கு லேப்புக்குத்தான் போவோணும். போகாத, செலவு.

இந்த நல்லாத்துத் தண்ணி போய்ச் சேர்றது நஞ்சராயன் குளம். 2024-ல அத ராம்சார் பட்டியல்ல சேத்துட்டாங்க. தேசம் தாண்டி வர்ற வாத்துகிட்ட மீட்டரா இருக்குது? குடிச்சுத்தான் பாக்கோணும்.

இத்தன சொல்லியும் ராத்திரிதான் போவேங்கறயா? அப்பப் பாட்டிலு ரண்டு எடுத்துக்கோ, மேல ஒண்ணு கீழ ஒண்ணு. நேரத்தயும் எழுதி ஒட்டீரு. நெத்து நம்ம திண்ணையில கெடக்குது. நானுங் கூட வாரேன். உங்க அத்தைகிட்ட மட்டும் சொல்லிப்போடாத.