பொடக்காலி இல்லாத பங்களா

பிளான் வந்துச்சு மாப்ளே. நீ வாட்ஸப்புல அனுப்புன படத்தைப் பேரன் பெருசு பண்ணிக் காட்டுனான். நெம்ப நல்லா இருக்குது. முன்னால நாலு தூண், போர்டிகோவுல ரெண்டு காரு, உள்ளே 20க்கு 22 ஹாலு, அதுக்கு மேல ரெண்டு மாடி ஒசரத்துக்கு வெறும் ஆகாசம். கண்ணாடித் தடுப்புக்கு அக்கட்டால சினிமா பாக்க ஒரு ரூமு. எல்லாத்தையும் பாத்துட்டு, “ஏன்டா, இவன் வேட்டியை எங்கடா தொவைப்பான்?”னு பேரனைக் கேட்டேன். அவன் சித்தெ நேரம் தேடி, சமையக்கட்டுக்குப் பின்னால ஒரு பொட்டியைக் காட்டுனான். யுடிலிட்டின்னு எழுதி 4க்கு 3ன்னு போட்டிருக்குது. அதுல மெஷினை வெச்சா ஆள் வெளியே நிக்கோணும். ஆள் நின்னா மெஷின் வெளியே நிக்கோணும். ரெண்டுல எது வெளியேன்னு அம்மிணியைக் கேட்டயா?

கோவிச்சுக்காதே. நீ பெங்களூர்ல பதினாலாவது மாடியில இருக்கறே. சேறு லிப்டுல ஏறி வர்றதில்லை. அங்க மூணடி பால்கனி போதும். இங்க நீ பூமி வாங்கியிருக்கறது கோபிப் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்துல. நெல்லும் மஞ்சளும் வாழையும் வெளையற மண்ணு. நடவு சமயத்துல வரப்புல ஒருக்கா நடந்துட்டு வா, காலோட ஒட்டிக்கிட்டு பூமியும் கூடவே வீட்டுக்கு வரும். அதுக்குன்னு நீ எடம் ஒதுக்காட்டி, அதுவே எடம் பாத்துக்கும். உன்ர இத்தாலி மார்பிள் மேல.

எங்கப்பாரு கட்டுன தொட்டிக்கட்டு வீட்டை நீயே பாத்திருக்கறே. ஆசாரம் சின்னதுதான். ஆனாப் பொடக்காலியில நாலு பொம்பளைங்க ஒட்டுக்கா வேலை செஞ்சாலும் ஒருத்தர் மேல ஒருத்தர் இடிக்க மாட்டாங்க. தொவைக்கற கல்லு, தண்ணித்தொட்டி, வெந்நி காயற வேம்பா, அதுக்குப் பக்கத்துல வெறகு, பாத்திரம் கவுத்தி வெக்கற மேடை, எல்லாம் அங்கதான். வெள்ளாமைக்காரன் வீட்டுக்கு அதுதான் நெசமான வாசல். முன்வாசல் சம்பந்தி வர்றதுக்கும் கோலம் போடறதுக்கும். இன்ஜினியருங்க எலிவேஷன் எலிவேஷன்னு முன்னால நின்னே படம் போடறாங்க. பின்னால வந்து நின்னு பாத்த இன்ஜினியரை நான் இன்னும் பாக்கலை. வாஸ்துக்காரர் வந்திருப்பாரு. ஈசானியத்துல தண்ணி, அக்கினி மூலையில அடுப்புன்னு சொல்லிட்டுக் காணிக்கை வாங்கிட்டுப் போயிருப்பாரு. அழுக்கு மூட்டைக்கு எந்த மூலைன்னு கேட்டயா? கேட்டிருந்தா அவருக்கும் வேர்த்திருக்கும்.

அந்தப் பிளான்ல இன்னொரு கூத்து. பக்கவாட்டுல கதவு போட்டு, ஜன்னல் இல்லாம, ‘மட் ரூம்’னு ஒண்ணு. பேரன்தான் வெவரம் சொன்னான், சீமையில பண்ணை வீடுகள்ல அப்படித்தான் பூட்ஸ் கழட்ட ஒரு ரூம் வெச்சிருப்பாங்களாம், நீ வீடியோவுல பாத்தயாம். சரிதான், தப்புச் சொல்ல மாட்டேன். அவனுக்கு வெளியே குளிரு. கதவைச் சாத்திக்கிட்டு, கணப்புச் சூட்டுல கோட்டைக் காயப்போட்டு, பூட்ஸைக் கழட்டோணும். உனக்கு என்ன குளிரு? ஐப்பசி மழையில நனைஞ்ச செருப்பை அந்தப் பொட்டிக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்து. ரெண்டாம் நாள் பூசணம் பூத்து, ரூமே எலி செத்தாப்புல நாறும். நம்மூருக்கு மேல கூரை வேணும், பக்கத்துல சுவர் வேண்டாம். சீமைக்காரன் கதவைச் சாத்திச் சூட்டுல எடுக்கற ஈரத்தை, நாம சுவத்தைத் தொறந்து காத்துல எடுத்துக்கறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால அந்த ரூமை இடிச்சுப் போட்டு (இன்னும் கட்டலைங்கறதால செலவு ரப்பர்தான்) பின்வாசல்ல 8 அடி அகலத்துக்கு ஒரு தாவாரம் எறக்கு. தோட்டத்துல இருந்து வர்ற வழியில மொதல்ல ஒரு சொரசொரப்பான கல்லு, மண்ணை உதற. அதுக்கு அடுத்தாப்புல தரையில இருந்து ஒண்ணரை அடி ஒசரத்துல ஒரு பைப்பு, கால் கழுவ. குதிகால்வரைக்கும் தண்ணி படற மாதிரி கால் வெக்க ஒரு கல்லுப்படி. நளன் கதை தெரியுமல்ல? குதிகால் நனையாம விட்டதுலதான் சனியன் உள்ளே பூந்தானாம். ராசா அரமணையிலேயே கால் கழுவறதுக்கு நல்ல எடம் இல்லாமப் போயிருக்குது பாரு, எந்த இன்ஜினியர் பிளான் போட்டானோ. பைப்புக்குப் பக்கத்துல உக்கார ஒரு திண்ணை, ஒண்ணரை அடி ஒசரம். உனக்கு இப்ப வேண்டாம்னு தோணும். ஒத்தைக் கால்ல நின்னு பூட்ஸ் கழட்டற வயசு எல்லாத்துக்கும் ஒரு நாள் முடிஞ்சு போகும் சாமி.

கம்பூட்ஸ் வாங்கியிருக்கறேன்னு போட்டோ போட்டிருந்தயே, அதை நிமித்தி வெக்காதே. சுவத்துல ஒரு கம்பி அடிச்சு, அடிப்பாகம் மேல வர்ற மாதிரி கவுத்தி மாட்டு. ஈரமும் வடியும், தேளும் குடி வராது. அப்படியும் போடறதுக்கு முந்தி ரெண்டு தட்டுத் தட்டிப் பாத்துட்டுப் போடு. மம்புட்டி, அருவா, டார்ச்சு லைட்டு எல்லாம் அதே சுவத்துல. ஆனா மருந்து மட்டும் அங்க ஆகாது. மருந்து டப்பாவுல ஒரு முக்கோணம் போட்டிருப்பான். செவப்புன்னா கொடும்விஷம், மஞ்சள் அதுக்கு அடுத்தது, நீலம், பச்சைன்னு எறங்கும். பச்சைன்னதும் கீரைக்கட்டுன்னு நெனைச்சுக்காதே, அதுவும் விஷந்தான். வீட்டை விட்டுத் தள்ளி, பூட்டு போட்ட தனி ரூமு, சன்னல் வெச்சு. மருந்தடிச்ச துணியைத் தனி வாளியில போட்டு அன்னைக்கே தனியாத் தொவைக்கோணும். கொழந்தை கவுனோட சேத்து மெஷினுக்குள்ள திணிச்சயானா, அப்பறம் நான் பேச மாட்டேன், உங்க ஆத்தா பேசுவா.

இனிக் குளிக்கற ரூமு. பிளான்ல அஞ்சு பாத்ரூம் எண்ணுனேன், அஞ்சும் படுக்கற ரூமுக்குள்ள இருந்து போற மாதிரி. சேத்தோட வர்றவன் கட்டிலைத் தாண்டித்தான் குளிக்கப் போகோணுமா? ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் ரெண்டு கதவு வை. ஒரு கதவு தாவாரத்துப் பக்கம், இன்னொண்ணு வீட்டுக்குள்ள. அழுக்கா வெளியில இருந்து நொழைஞ்சு, தண்ணி வாத்துட்டு, சுத்தமா உள்ளே வந்துரலாம். அவுத்த துணி அங்கயே கூடையில விழுகும், கூடைக்கு அந்தாண்ட மெஷினு. அழுக்குத் துணி ஹாலைக் கடந்து போகற வீடு என்னைக்கும் சுத்தமா இருக்காது.

மெஷின் கணக்கு இப்பச் சொல்றேன், இன்ஜினியர்கிட்ட அப்படியே ஒப்பி. முன்னால கதவு தொறக்கற மெஷின் 60 சென்டிமீட்டர் அகலம், 85 சென்டிமீட்டர் ஒசரம். ஆழம் 2 அடி. பின்னால ஓஸ் மடங்காம இருக்க அரையடி. முன்னால உக்காந்து துணியை உருவ 3 அடி. அந்தக் கணக்குக்கே 5½ அடி ஆச்சா? அதை 3 அடியில வெக்க உன்ர இன்ஜினியருக்கு மந்திரம் தெரியோணும். கதவு 2½ அடிதான்னு போட்டிருக்கறான். சட்டம் போக மிச்சத்துல மெஷினைச் சாச்சு, தேய்ச்சு, திட்டித்தான் உள்ளே கொண்டுபோகோணும். 3½ அடிக் கதவு போடு, நெல்லு மூட்டையும் அதே வழியில போகும். தண்ணி பெரும்பாலான மெஷினுக்கு 0.3 பார் அழுத்தமாவது வேணும். அதாவது பைப்புக்கும் தொட்டித் தண்ணிக்கும் நடுவுல 3 மீட்டர், பத்தடி ஒசரம். பின்தாவாரத்து ஓட்டு மேலயே டேங்கை வெச்சா ஒழுகிக்கிட்டு வரும், மெஷினு தண்ணி வரலைன்னு கத்திக்கிட்டே இருக்கும். மொட்டைமாடிக்கு மேல தூண் எழுப்பி வை. பிளக்கு 16 ஆம்பியர், எர்த் குழி ஒழுங்கா, ஆர்சிசிபி ஒண்ணு. ஈரக்கை படற எடம், இதுல மிச்சம் பிடிக்காதே.

போர்த்தண்ணி உப்பு. சோப்பு நொரைக்காது, மெஷினுக்குள்ள ஹீட்டர் கம்பியில சுண்ணாம்பு படியும். கெணத்துத் தண்ணிக்குத் தனி லைன் இழு.

போன வருசம் நம்மூர்ல ஒரு வீட்டுல புது மெஷினு வந்து எறங்குச்சு. மொதல் நாளே, துணி புழியற நேரத்துல, கரகம் எடுத்த மாதிரி ஆடிக்கிட்டே மூலையில இருந்து கதவுக்கு நடந்து வந்துருச்சு. வீட்டுக்காரர் அது மேல ஏறி உக்காந்துட்டாரு, அப்பவும் நிக்கலை. பூசாரிக்கு ஆள் விடலாமான்னு பேச்சு வந்தப்பறம் எட்டாவது படிக்கற பையன் ஒருத்தன் மெஷினுக்குப் பின்னால போய்ப் பாத்தான். லாரியில வர்றப்ப உள்ளே இருக்கற டிரம்மு ஆடாம இருக்க கம்பெனிக்காரன் போட்ட நாலு போல்ட்டு அப்படியே இருந்துச்சு. கழட்டுனதும் சாமி மலையேறிருச்சு. நீயும் மறந்துராதே, பி.இ. படிச்சிருக்கறே.

தரைக்கு வழுவழுன்னு டைல்ஸ் போடாதே. கடப்பா கல்லோ, சொரசொரப்பான டைல்ஸோ போதும். வீட்டுத் தரையை விட ஒரு அங்குலம் எறக்கி, பத்தடிக்கு ஒண்ணரை அங்குலம் வாட்டம் குடு. மேஸ்திரி “குடுத்திருக்குதுங்க”ம்பாரு. நம்பாதே, ஒரு சொம்புத் தண்ணியைக் கவுத்திட்டு நில்லு. நஹானி டிராப் எங்க இருக்குதோ அங்க போச்சுன்னா கூலி குடு, அம்மிணி நிக்கற எடத்துக்கு வந்துச்சுன்னா மறுபடி பூசச் சொல்லு. தொவைக்கற கல்லு ஒண்ணு கட்டாயம் போடு, இரண்டரை அடி ஒசரத்துல. மெஷின் இருக்கறப்ப எதுக்குங்கறயா? பாரியூர்க் குண்டத்துக்கு உன்ர மாமனார் வகையறா முச்சூடும் வந்து எறங்கட்டும், போர்வை, ஜமக்காளம், மிதியடின்னு. அப்பத் தெரியும் கல்லு எதுக்குன்னு.

தொவைச்ச தண்ணி எங்க போகுதுன்னு பிளான்ல ஒரு கோடும் இல்லை. கேட்டா, ‘வெளியே’ம்பான். அப்படி எல்லாரும் வெளியேன்னு விட்டதுதான் திருப்பூர்ல நொய்யலா ஓடுச்சு. ஒரத்துப்பாளையத்துல 1992ல அணை கட்டி, வெள்ளாமைக்குத் தண்ணி வரும்னு பாத்தா சாயந்தான் வந்து நின்னுச்சு. 2011ல ஹைகோர்ட்டே சாயப்பட்டறைகளை மூடச் சொல்லுச்சு. உன்ர வீட்டு நொரை அவ்வளவு இல்லை, ஆனா விதி ஒண்ணுதான். செப்டிக் டேங்குக்குள்ள விடாதே. வாளி வாளியா ஒரேயடியாப் போனா, உள்ளே தங்கி மக்கறதுக்கு நேரமில்லாமப் பச்சையா வெளியே தள்ளிரும். தனிச் சேம்பர் வெச்சு, ஜல்லி போட்ட குழி வழியா, கல்வாழை நட்ட பாத்திக்குக் கொண்டுபோ. அங்கிருந்து தென்னைக்கு. கீரைப் பாத்திக்கு மட்டும் வேண்டாம். ஒரே எடத்துலயே ஊத்திக்கிட்டு இருந்தா சோப்புல இருக்கற சோடா மண்ணை இறுக்கிரும், வாய்க்காலை மாத்தி மாத்தித் திருப்பி விடோணும்.

காயப்போடறதைச் சொல்லாம விட்டா எங்க வீட்டுல எனக்குச் சோறு கெடைக்காது. டிரையர் வாங்கறேன்னு சொன்னயாமே. மஞ்சள் வேவிக்கற காலத்துல உன்ர வெள்ளைச் சட்டையில கறை பட்டுச்சுன்னு வெச்சுக்கோ. சோப்பு போட்டயானா செவப்பா மாறிப் பயங்காட்டும். பயப்படாதே, அலசி உச்சி வெயில்ல விரி, கறை வெளுத்துரும். டிரையருக்குள்ள அந்த வித்தை இல்லை. வாழைக்கறைக்கு மட்டும் வெயிலும் செய்யாது ஒண்ணும் செய்யாது. வாழைக்காட்டுக்குன்னு ஒரு சட்டையை நேந்து விட்டுரு. கொடி ரெண்டு எடத்துல வேணும். ஒண்ணு திறந்த வெயில்ல, இன்னொண்ணு தாவாரத்துக்குள்ள, அடைமழைக்கு. வெளியில இருக்கறதைக் காத்துக்கு மறைவா வீட்டுக்குக் கெழக்கால கட்டு. ஆடிக்காத்துல அம்மி பறக்குதோ இல்லையோ, உன்ர பெர்முடாஸ் பக்கத்துத் தோட்டத்துல போய்க் குடியேறிரும். அந்தத் தோட்டத்துக்காரரோட உனக்கு வரப்புத் தகராறு வேற இருக்குது.

இவ்வளவுக்கும் எடம் எங்கீங்கறயா? பேரன்கிட்டக் கேட்டு அளந்துட்டேன். சமையக்கட்டை ஒட்டி, பின்பக்கம் பாத்து, கெணத்துக்கும் பக்கமா, 12க்கு 16ல அருமையான எடம் ஒண்ணு கெடக்குது. அங்க இப்ப சினிமா ரூம்னு எழுதியிருக்கறான். படத்தை நீ அந்த ஆகாசம் வெச்ச ஹால்லயே பாத்துக்கலாம், நாங்களும் வந்து உக்காந்துக்கறோம்.

என்ன சத்தத்தையே காணோம்? சரி, போனை அம்மிணிகிட்டக் குடு. கொடி எந்த ஒசரத்துல கட்டோணும்னு அந்தம்மிணியைத்தான் கேக்கோணும், உனக்கெங்க தெரியப் போகுது.